ஒரே கை வண்டி: நன்றாகப் பேணிய பழைய காரைத் தேடிப் பிடிப்பது

பதினைந்து வயதான ஒரு சிறிய காரின் பானெட்டைத் தூக்குகிறீர்கள். எஞ்சின் மேல் மெல்லிய தூசி படிந்திருக்கிறது. எங்கும் ஆயில் கசிந்த ஈரம் இல்லை. கூலன்ட் பாட்டிலில் கோடு வரை பச்சைத் திரவம் நிற்கிறது. உரிமையாளர் உள்ளே போய், வாங்கிய நாளிலிருந்து சேர்த்த பில்களைக் கோப்போடு எடுத்து வருகிறார். பழைய கார் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை. புதுக் கார் வாங்குவதில் இந்த மகிழ்ச்சி கிடைக்காது, ஏனென்றால் அங்கே தேடல் என்ற ஒன்றே இல்லை.

பழைய காரில் நாம் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் முந்தைய உரிமையாளரின் பழக்கத்தைத்தான். மாடலும் வருடமும் அதற்குப் பிறகுதான். அந்தப் பழக்கத்தின் தடயங்களை வண்டியில் எப்படிப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பதே இந்த அத்தியாயம். சுமார் 2000 முதல் 2012 வரை வந்த, சொந்த உபயோகத்துக்குப் பதிவான பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பழைய டீசல் கார்களை முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இன்ஜெக்டரும் பம்பும் கெட்டால் ஆகும் செலவு, வண்டியின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

மாடலை உதிரிபாகம் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்

மாருதி 800 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்தது. அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை. ஆல்டோ, வேகன் ஆர், 2006 வரை வந்த பழைய ஜென் ஆகியவையும் பாதுகாப்பான தேர்வுகளே. ஹூண்டாய் சான்ட்ரோ 1998 முதல் நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாரானது. 2003இல் வந்த சான்ட்ரோ ஜிங் இன்றும் ஊருக்கு ஊர் ஓடுகிறது.

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகானும், 1998இல் வந்த முதல் ஹோண்டா சிட்டியும் ஓட்ட இனிமையானவை. ஆனால் அவற்றின் விளக்கு, பம்பர், உள் பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் வரை அலையத் தயாராக இருக்க வேண்டும். அந்த அலைச்சலே பிடிக்கும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தினமும் அலுவலகம் போக ஒரே வண்டி இதுதான் என்றால் வேண்டாம்.

*குறிப்பு:* மாடலை முடிவு செய்யும் முன் உங்கள் ஊர் உதிரிபாகக் கடையில் நான்கு பொருட்களின் விலையைக் கேளுங்கள்: கிளட்ச் செட், ஏசி கம்ப்ரசர், ஸ்டீயரிங் ரேக், ஹெட்லைட். நான்கும் கடையில் இருக்கிறதா, சொல்லி வரவழைக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

வண்டிக்கென ஒதுக்கிய பணத்தில் கால் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் முதல் மாதத்தில் அது உங்களுக்குத் தேவைப்படும்.

எங்கே தேடுவது

இணையத் தளங்களிலும் கன்சல்டிங் கடைகளிலும் வண்டிகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அங்கே வரும் வண்டி பாலிஷ் போட்டு, எஞ்சினைக் கழுவி, தடயங்கள் எல்லாம் அழிக்கப்பட்ட பிறகுதான் உங்கள் கண்ணில் படும். ஒரே உரிமையாளரிடமே இருந்த நல்ல 'ஒரே கை' வண்டிகள் பலவும் விளம்பரத்துக்கே வருவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், இனி ஓட்ட முடியாத பெரியவர் போன்றோரின் வண்டிகளை அவர்களுடைய மெக்கானிக்தான் கைமாற்றி விடுகிறார். ஆகவே முதலில் மெக்கானிக்குகளிடம் சொல்லி வையுங்கள். பழைய குடியிருப்புகளின் காவலாளிகளிடமும் சொல்லலாம். எந்த வண்டி உறை போட்டு நிற்கிறது, யார் வாரம் தவறாமல் எடுத்து ஓட்டுகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

வண்டி வாழ்ந்த ஊரைக் கேளுங்கள். கடற்கரையை ஒட்டி வெட்டவெளியில் நின்ற வண்டியில் உப்புக்காற்றின் துரு இருக்கும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் நின்ற வண்டிகளின் அடிப்பகுதி பொதுவாகச் சுத்தமாக இருக்கும். மலையில் ஓடிய வண்டி என்றால் கிளட்சையும் பிரேக்கையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். பதிவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கோவையின் டிஎன் 37 எண் கொண்ட வண்டி பத்து வருடம் தூத்துக்குடியில் நின்றிருக்கலாம்.

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாகப் பல வண்டிகள் தெற்கே வந்தன. வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும், மறுபதிவும் செய்ய வேண்டும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் காணாமல் போகிறது.

போவதற்கு முன் தொலைபேசியில்

1. உரிமையாளர் நீங்கள்தானா, எத்தனையாவது உரிமையாளர்?
2. ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும்?
3. கடன் பதிவு ஏதும் ஆர்.சி.யில் இருக்கிறதா?
4. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?
5. ஏன் விற்கிறீர்கள்?

நான்காவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் பாதித் தேடல் முடிந்தது போலத்தான். மாருதி 800, 796 சிசி ஆல்டோ, பழைய ஜென், சான்ட்ரோ எல்லாவற்றிலும் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட். அது ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வும் வளையும். வண்டியை உண்மையாகக் கவனித்தவருக்கு இந்தத் தேதி நினைவில் இருக்கும், அல்லது பில்லில் இருக்கும்.

கடைசியாக ஒன்று சொல்லுங்கள்: "சார், நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." குளிர்ந்த எஞ்சின் மறைக்காமல் பேசும்.

நேரில்: வரிசையை மாற்றாதீர்கள்

பகல் வெளிச்சத்தில், உரிமையாளரின் வீட்டிலேயே பாருங்கள். மழையில் நனைந்த வண்டியைப் பார்க்க வேண்டாம். ஈரம் எல்லாப் பெயின்ட்டையும் அழகாக்கிவிடும். டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், ஒரு வெள்ளைத் தாள், முடிந்தால் உங்கள் மெக்கானிக், இவை போதும். பலரும் போனதும் சாவியை வாங்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டிய பிறகு மனம் ஒட்டிக்கொள்கிறது. அதன் பின் கண்ணில் படும் குறைகளுக்கெல்லாம் நாமே சமாதானம் சொல்லத் தொடங்குகிறோம்.

படி 1. காகிதம்

ஆர்.சி.யில் உள்ள சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு செல்லும் தேதி, காப்பீடு, கடன் விவரம் ஆகியவற்றைப் பாருங்கள். நிலுவை அபராதங்களையும் இ-செலான் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். நகல் ஆர்.சி. என்றால் அசல் என்ன ஆனது என்று கேட்கத் தயங்காதீர்கள். எல்பிஜி கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சேஸி எண் பொறித்த இடத்தில் தேய்ப்போ வெல்டிங்கோ தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2. பில் கோப்பு

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உட்கார்ந்து, தேதி வரிசையில் படியுங்கள். கிலோமீட்டர் எண்கள் சீராக ஏறுகின்றனவா? ஒரு வருடம் 62,000, அடுத்த வருடம் 48,000 என்று இறங்கினால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். ஆயில் மாற்றிய பில்லை எல்லோரும் வைத்திருப்பார்கள். கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றுக்கான பில்களே பேணுதலின் அடையாளம். கெடுவதற்கு முன்பே மாற்றியவர் என்று அவை சொல்கின்றன. சில பெரியவர்கள் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் டைரியில் குறித்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு டைரி கிடைத்தால் மைலேஜ் எந்த மாதத்தில் குறைந்தது, அதற்கு என்ன செய்தார் என்பது வரை தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரின் வண்டிக்குச் சந்தை விலையைவிடச் சற்று அதிகம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

குறைவாக ஓடிய வண்டி என்றாலே நல்ல வண்டி என்று எண்ண வேண்டாம். பதினைந்து வருடத்தில் 20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி பெரும்பாலும் நின்றிருந்த வண்டி. டயர் கல்லாகியிருக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும், டேங்கில் துரு சேர்ந்திருக்கும். வாரந்தோறும் எடுத்து ஓட்டி 80,000 கடந்த வண்டியையே நான் தேர்வேன்.

படி 3. பாடி

1. வண்டியின் மூலையில் குத்த வைத்து உட்கார்ந்து பக்கவாட்டில் நோக்குங்கள். கதவுகளின் மேல் ஓடும் வெளிச்சக் கோடு அலையாமல் நேராக ஓட வேண்டும்.
2. பானெட், கதவு, டிக்கி இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள்.
3. ஃபெண்டர் போல்ட், பானெட் கீல் போல்ட் ஆகியவற்றில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள்.
4. காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். பட்டி போட்ட இடத்தில் அது பிடிக்காது.
5. எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள முத்திரையைப் படியுங்கள். ஒன்று மட்டும் வேறு கம்பெனி என்றால் அது எப்படி உடைந்தது என்று கேளுங்கள்.
6. ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டத்திலும், டிக்கி விரிப்பின் கீழேயும் உள்ள ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும்.

ஊருக்குள் ஓடிய காரில் கதவுக் கீறல், பம்பர் சிராய்ப்பு இருப்பது இயல்பு. பதினைந்து வருட வண்டி முழுவதும் புதுப் பெயின்ட்டில் மின்னுகிறது என்றால்தான் காரணம் தேட வேண்டும். அசல் பெயின்ட்டில் மங்கியிருக்கும் வண்டி என் கணக்கில் மேலானது.

படி 4. வெள்ளத்தில் நின்றதா?

2015 டிசம்பரில் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் அதுவே நடந்தது. தண்ணீரில் நின்ற வண்டியின் வயரிங் உடனே கெடாது. மெல்ல அரித்து, பல மாதம் கழித்துத் தொல்லை தரும்.

சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை ஒளிந்திருக்கும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்ப்பெட்டின் கீழே ஈரம், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்தல் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலும் எச்சரிக்கை கொள்ளுங்கள்.

படி 5. எஞ்சின்

*பாதுகாப்பு:* சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி எஞ்சினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் திடீரென்று சுற்றும்.

1. பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடு இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.
2. ஆயில் ஸ்டிக்கை வெள்ளைத் தாளில் துடையுங்கள். கறுப்பு இயல்பு. பாலாடை போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் அதையே தேடுங்கள்.
3. கூலன்ட் நிறத்தைப் பாருங்கள். துருத் தண்ணீர் என்றால் பல வருடம் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.
4. உரிமையாளரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை ஹெட் கேஸ்கெட் பழுதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் அதிகம் போவதைச் சொல்லும்.
5. ஐட்லிங்கில் கால்மணி நேரம் விடுங்கள். வெப்பமுள் நடுவில் நின்று, மின்விசிறி தானாக ஓடி நிற்க வேண்டும். பிறகு ஏசியைப் போடுங்கள். எஞ்சின் தடுமாறக் கூடாது.

படி 6. ஓட்டிப் பார்ப்பது

காப்பீடு நடப்பில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கடைத்தெரு, மேடு, மோசமான சாலை, கொஞ்சம் நெடுஞ்சாலை என நான்கும் கலந்த வழியாக இருக்கட்டும்.

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெல்லச் சுற்றுங்கள். 'கடக் கடக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் போய்விட்டது. நேர்ச்சாலையில் பின்னால் யாரும் இல்லாதபோது பிரேக்கை அழுத்துங்கள். ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கிளட்சைச் சோதிக்க, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் இரைந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இதை ஒருமுறைதான் செய்ய வேண்டும், அது அவருடைய வண்டி.

படி 7. அடிப்பகுதி

ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் கீழே ஒருபோதும் நுழையாதீர்கள். மெக்கானிக் ஷெட்டில் லிஃப்டிலோ பள்ளத்திலோ ஏற்றிப் பாருங்கள். லோயர் ஆர்ம், அதன் புஷ், ரேக் பூட், பிரேக் குழாய், சைலன்சர், கதவுக்குக் கீழே ஓடும் நீள் சட்டம் ஆகியவற்றை அவர் ஒவ்வொன்றாகக் காட்டட்டும். மேல்துரு தேய்த்தால் போகும். தாங்கும் சட்டத்தில் ஸ்குரூடிரைவர் முனை உள்ளே இறங்கும் அளவுக்குத் துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் கடந்த டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றுச் செலவாகக் கணக்கில் எழுதுங்கள். 2000 முதல் 2012 வரை வந்த சிறு கார்கள் பலவற்றில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. எனவே டயர், பிரேக், சீட் பெல்ட் மூன்றிலும் சிக்கனம் கூடாது.

விலையும் முன்பணமும்

கண்ட குறைகளை மெக்கானிக் சொன்ன செலவோடு ஒரு தாளில் எழுதி, உரிமையாளரிடமே காட்டிப் பேசுங்கள். ஆதாரத்தோடு பேரம் பேசினால் வண்டியை நேசித்து வைத்திருந்தவரின் மனம் புண்படாது. வண்டியைக் குறை கூறி விலையை உடைக்கும் வித்தையை இவரிடம் காட்டாதீர்கள். சிலர் அந்த இடத்திலேயே விற்க மனமில்லை என்று எழுந்துவிடுவார்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சிறு முன்பணத்துக்கும் தேதி, பதிவு எண், பேசிய விலை எழுதிய ரசீது வாங்குங்கள். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய பெயர் மாற்றப் படிவத்தோடு வண்டியை எடுத்து வருவது இங்கே மிகப் பரவலான தவறு. பெயர் மாறும் வரை அபராதமும் விபத்து வழக்கும் பழைய உரிமையாளர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அவர் மனம் மாறினாலோ காலமானாலோ உங்கள் பாடு திண்டாட்டம்.

பெயர் மாற்றம்

1. படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நிரப்பி, உரிய இடங்களில் கையெழுத்திடுங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம்.
2. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.
3. கடன் பதிவு இருந்தால் வங்கிச் சான்றோடு படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள். வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28 வேண்டும்.
4. காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழையவரின் நோ கிளெய்ம் சலுகை உங்களுக்கு வராது.
5. சாவி வாங்கும் நாளில் தேதியும் மணியும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வையுங்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. தகுதி ஆய்வுக்கு (எஃப்.சி.) காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரலில் கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் ரூ.5,000 ஆனது; 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக உயர்ந்தது. புதுப்பிக்கும் தேதி நெருங்கும் வண்டி என்றால், விற்பவரையே எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துத் தரச் சொல்வது நல்லது. வண்டி ஆய்வில் தேறியது என்ற உறுதியும் உங்களுக்குக் கிடைக்கும்.

முதல் வாரம்

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லையென்றால் அதையும், அதன் டென்ஷனரையும் உடனே மாற்றுங்கள். சென்ற வருடம்தான் மாற்றினேன் என்ற வாய்வார்த்தை போதாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் எரிபொருள் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் புது ஹோஸும் கிளிப்பும் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் ஹோஸை மாற்றும் வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

முதல் 1,000 கிலோமீட்டருக்கு வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒருமுறை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் ஸ்டிக்கையும் கூலன்ட் கோட்டையும் பார்த்து, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆயில் அரை லிட்டருக்கு மேல் குறைந்திருந்தாலோ, கூலன்ட் கோடு இறங்கிக்கொண்டே போனாலோ அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் போங்கள்.